பனிச்சறுக்குக்குக் கிளம்பும் முன்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

காஷ்மீரின் குல்மார்க்கில் ஒரு வாரப் பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் பணம் கட்டியவர்கள் முதலில் தேடுவது ஜாக்கெட்டைத்தான். நிறம் பார்த்து, போட்டோவில் எப்படி விழும் என்று பார்த்து வாங்கிய பிறகு பர்ஸ் இளைத்துவிடும். ஹெல்மெட்டை 'அங்கே போய் வாடகைக்கு எடுத்துக்கலாம்' என்று தள்ளிவிடுவார்கள். இந்த வரிசை தலைகீழ். அடுத்தவர் ஜாக்கெட் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் குளிரைத் தடுக்கும். அடுத்தவர் தலைக்குச் சரியான ஹெல்மெட் உங்கள் தலையைக் காப்பாற்றாது.

எதற்கு முதலில் செலவு செய்வது என்பது நீங்கள் எப்படி விழப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்கீயில் இரண்டு கால்களும் தனித்தனிப் பலகைகளில் இருக்கும். ஒரு பலகை பனியில் மாட்டிக்கொண்டு திரும்பினால் அந்த நீளம் முழுக்க நெம்புகோலாகி முட்டியைத் திருகும். கையில் கோல் இருப்பதால் விழும்போது கட்டைவிரல் வெளிப்பக்கமாக மடங்கும். ஸ்னோபோர்டில் கதை வேறு. இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருப்பதால் முட்டி ஓரளவு தப்பிக்கும். ஆனால் பலகையின் விளிம்பு பனியில் கொத்திய நொடியில் ஆள் மரம் சாய்வதுபோல் சாய்வார். முன்பக்கம் என்றால் உள்ளங்கையும் முட்டிச் சில்லும் அடிபடும். பின்பக்கம் என்றால் வால் எலும்பு, அடுத்த கணம் பின்மண்டை.

ஆகவே, இரண்டு விளையாட்டுக்கும் பொதுவாகச் சொந்தமாக வாங்க வேண்டியவை ஹெல்மெட், காகிள்ஸ், கையுறை, சாக்ஸ். ஸ்னோபோர்டு என்றால் இதோடு மணிக்கட்டைக் காக்கும் ரிஸ்ட் கார்டும், இடுப்புக்குப் பஞ்சு வைத்த உள்ஷார்ட்ஸும். ஸ்கீ என்றால் வாடகைக் கடையில் பூட் என்ற காலணிக்கும், அதைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்குக்கும் கூடுதலாக அரை மணி நேரம். ஸ்கீ, பூட், கோல், ஜாக்கெட், பேன்ட் எல்லாவற்றையும் முதல் வருடம் வாடகைக்கு எடுத்தால் போதும்.

ஹெல்மெட்

ஆரம்பநிலைச் சரிவில்தானே சறுக்கப் போகிறோம், ஹெல்மெட் எதற்கு என்ற கேள்வி எப்போதும் வரும். 2009 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள மோன் ட்ரொம்ப்லான் மலையில், ஆரம்பநிலைச் சரிவில் பாடம் கற்றுக்கொண்டிருந்தபோது நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் விழுந்தார். ஹெல்மெட் போடவில்லை. எழுந்து இயல்பாகப் பேசினார், ஒன்றுமில்லை என்றார். மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிந்து இரண்டே நாளில் இறந்துபோனார். தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசுகிறார் என்பது ஆறுதலே இல்லை. தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் எது வந்தாலும் அன்றைக்குச் சறுக்கலை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இத்தாலியில் 2025-26 சீசனிலிருந்து எல்லா வயதினருக்கும் ஹெல்மெட் கட்டாயம். இந்தியாவில் அதை உங்களுக்கு நீங்களேதான் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை முதலில் படியுங்கள். ஐரோப்பியத் தரம் என்றால் ஈ.என். 1077, அமெரிக்கத் தரம் என்றால் ஏ.எஸ்.டி.எம். எஃப் 2040. ஐரோப்பியத் தரத்தில் ஏ, பி என்று இரண்டு வகுப்பு உண்டு. ஏ வகுப்பில் காதுப் பகுதியையும் கெட்டியான ஓடு மூடும், கூர்மையான பொருள் துளைப்பதற்கு எதிரான சோதனையும் கடுமை. பந்தயம் ஓடுபவர்கள் இதைத்தான் போடுவார்கள். பி வகுப்பில் காதுக்கு மெத்தென்ற துணி மடல் இருக்கும். காது நன்றாகக் கேட்கும், காற்றோட்டம் கூடுதல். பின்னால் வருபவர் கத்துவது கேட்க வேண்டும் என்பதால் புதியவர்களுக்கு பி வகுப்பே வசதி.

வீட்டிலிருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட பைக் ஹெல்மெட்டை எடுத்துப்போகலாமா? வேண்டாம். கனம் அதிகம், கழுத்து சோர்ந்துவிடும். மூச்சுக்காற்றில் கண்ணாடி பனிபிடிக்கும், காகிள்ஸ் உட்காராது, பக்கத்தில் யார் வருகிறார் என்றும் கேட்காது. சைக்கிள் ஹெல்மெட்டும் உதவாது. பின்மண்டையின் கீழ்ப்பகுதியை அது சரியாக மூடாது.

அளவு எடுப்பது இப்படி. புருவத்துக்கு 2.5 செ.மீ. மேலே தையல் டேப்பை வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை அதிகமாகத் துருத்தும் இடத்தில் சுற்றுங்கள். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் அளவு செ.மீ.யில்தான் இருக்கும். பிறகு கடையில்:

1. பின்பக்கத் திருகை முழுக்கத் தளர்த்திவிட்டுத் தலையில் போடுங்கள். வாரைக் கட்டாமல் தலையை இடம் வலமாக ஆட்டுங்கள். நெற்றித் தோலும் ஹெல்மெட்டோடு சேர்ந்து அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் பெரிது.

2. அப்படியே பத்துப் பதினைந்து நிமிடம் கடையில் உலாவுங்கள். நெற்றியிலோ பொட்டிலோ ஒரே புள்ளியில் வலி எடுத்தால் அது அளவுக் கோளாறு இல்லை, வடிவக் கோளாறு. உருண்டைத் தலைக்கு நீளவாட்டு ஓடு ஒத்துவராது. வேறு மாடல் பாருங்கள், பெரிய அளவு கேட்காதீர்கள்.

3. இப்போது திருகை இறுக்குங்கள். திருகு கடைசிச் சிறு வித்தியாசத்தைச் சரிசெய்யத்தான். பெரிய ஹெல்மெட்டைச் சின்னதாக்க அதை நம்பினால், விழும்போது ஓடு தலையை விட்டு நகர்ந்துவிடும்.

4. வாரைக் கட்டுங்கள். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். வாயை 'ஆ' என்று அகலத் திறந்தால் ஹெல்மெட் உச்சந்தலையில் அழுத்த வேண்டும்.

5. பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கண்ணை மறைக்குமளவு சரிந்தால் அந்த ஹெல்மெட் வேண்டாம்.

கூந்தல் நீளமாக இருப்பவர்கள் உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் தலையில் உட்காராமல் கொண்டைமேல் உட்காரும். கழுத்தருகே தாழ்வாகப் பின்னி ஜாக்கெட்டுக்குள் விடுங்கள். கடையில் போட்டுப் பார்க்கும்போதும் அதே பின்னலோடு போங்கள். உள்ளே கம்பளிக் குல்லா கூடாது. தலையையும் கழுத்தையும் மூடும் மெல்லிய துணி உறையான பாலாகிளாவா போதும், அளவு பார்க்கும்போது அதுவும் தலையில் இருக்கட்டும். காதில் ஜிமிக்கியும் தோடும் வேண்டாம்.

மிப்ஸ் என்ற மஞ்சள் வட்டம் ஒட்டிய ஹெல்மெட்டுகள் விலை கூட. உள்ளே வழுக்கும் ஓர் அடுக்கு இருக்கும், சாய்வாக அடிபடும்போது ஓடு தலைமீது 10 முதல் 15 மி.மீ. வரை நகர அது இடம் கொடுக்கும். பனியில் விழும்போது அடி பெரும்பாலும் சாய்வாகத்தான் படுகிறது என்பதால் கூடுதல் காசு நியாயமானதே. ஆனால் பொருந்தாத மிப்ஸைவிடப் பொருந்தும் சாதா ஹெல்மெட் மேல்.

ஹெல்மெட்டின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஈ.என். 1077 சோதனையில் ஹெல்மெட்டைச் சுமார் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 20 கி.மீ.கூட இல்லை. ஓரளவு பழகியவர் சாதாரணமாகவே மணிக்கு 40 கி.மீ. தொடுவார். அந்த வேகத்தில் மரத்தில் நேராக மோதினால் எந்த ஸ்டிக்கரும் உத்தரவாதம் தராது.

உள்ளிருக்கும் வெள்ளைத் தெர்மகோல் போன்ற பொருள் நசுங்குவதன் மூலம்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் மீண்டும் எழாது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம். பலமாக அடிபட்ட ஹெல்மெட் அன்றோடு குப்பைக்கு. வாடகை ஹெல்மெட் வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம்: நேற்று அதற்குள் யார் தலை இருந்தது, எதில் இடித்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. விமானத்தில் போகும்போது உங்கள் ஹெல்மெட்டுக்குள் காகிள்ஸையும் கையுறையையும் திணித்துக் கைப்பையோடு எடுத்துப்போங்கள். லக்கேஜில் போட்டால் பெட்டி எறியப்படும்போது முதல் அடியை அங்கேயே வாங்கிவிடும்.

காகிள்ஸ்

காகிள்ஸை ஹெல்மெட் இல்லாமல் தனியாக வாங்குவதே தவறு. இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கண்ணாடியில் பாருங்கள். ஹெல்மெட் விளிம்புக்கும் காகிள்ஸ் சட்டத்துக்கும் நடுவே நெற்றி தெரிந்தால் அந்த இடைவெளியில் குளிர்காற்று அறையும், மாலையில் நெற்றியில் விபூதிப் பட்டைபோல் ஒரு வெயில் தழும்பு இருக்கும். மாறாக, ஹெல்மெட் காகிள்ஸைக் கீழே அழுத்தினால் மூக்கு அடைபடும், மூச்சுக்காற்று மேலே ஏறிக் கண்ணாடியை மூடும். சட்டத்தின் ஃபோம் முகத்தை முழுதும் தொட வேண்டும். நம்மில் பலருக்கு மூக்குத்தண்டுக்கு இருபுறமும் வெளிச்சம் கசியும். மூக்குத்தண்டு தாழ்ந்த முகத்துக்கென்றே தனி மாடல்கள் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

வெயிலை லேசாக நினைக்காதீர்கள். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப்பனி அந்தக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். குல்மார்க் புல்வெளியே சுமார் 2,650 மீட்டர். மலைமேல் ஏற்றும் கம்பிவட வண்டியான கொண்டோலாவின் முதல் கட்டம் கொங்தூரியில் சுமார் 3,080 மீட்டர், இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர். காகிள்ஸ் இல்லாமல் ஒரு பகல் நின்றால் இரவில் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் உறுத்தும், நீர் வடியும், விளக்கைப் பார்க்க முடியாது. பனிக்குருடு என்பது இதுதான். விழிப்படலம் வெந்துபோவது.

லென்ஸின் கருமையை எஸ்0 முதல் எஸ்4 வரை வகை பிரித்திருக்கிறார்கள். எஸ்1 வெளிச்சத்தில் 43 முதல் 80 சதவீதம் வரை உள்ளே விடும், எஸ்2 18 முதல் 43, எஸ்3 8 முதல் 18. பளிச் வெயிலுக்கு எஸ்3. பனி கொட்டும் மங்கலான நாளுக்கு ரோஸ் அல்லது மஞ்சள் சாயலில் எஸ்1. அப்படிப்பட்ட நாளில் நிழலே விழாது, மேடும் பள்ளமும் ஒரே வெள்ளைத் தாளாகத் தெரியும். கறுப்பு லென்ஸோடு போனவர் இல்லாத படியில் கால் வைத்ததுபோல் விழுவார். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஸ்2. கொஞ்சம் கூடுதலாகப் போட முடியுமென்றால் லென்ஸைக் காந்தத்தில் கழற்றி மாற்றும் மாடல். கருமை வேறு, புற ஊதாத் தடுப்பு வேறு. வெளிர் லென்ஸும் முழுமையாகத் தடுக்கும் என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு, கண்ணாடி மேலேயே போடும் ஆழமான காகிள்ஸ் இருக்கிறது. கடைக்கு உங்கள் கண்ணாடியோடு போய், காகிள்ஸை மாட்டி, தாடையை அசைத்துப் பாருங்கள். காதோரம் கண்ணாடிக் கம்பியை அழுத்தினால் மதியத்துக்குள் தலைவலி நிச்சயம். ஒரு நாள் மட்டும் போட்டு எறியும் கான்டாக்ட் லென்ஸ் இதைவிடச் சுலபம்.

பனிபிடிப்பதற்குப் பெரும்பாலும் நாமேதான் காரணம். வியர்க்க வியர்க்கக் காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றுவோம், நெற்றிச் சூடு நேராக லென்ஸுக்குள் போகும். முகத்திலேயே இருக்கட்டும், இல்லையென்றால் கழற்றிப் பைக்குள் வையுங்கள். மூக்கை மூடும் துணியைக் காகிள்ஸுக்குள் செருகினாலும் இதே கதி. உள்ளே பனி புகுந்தால் உதறுங்கள், கூடவந்த பையின் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பனிபிடிக்காமல் தடுக்கும் பூச்சு போய்விடும், பிறகு அந்த லென்ஸ் எப்போதும் மங்கும்.

மணிக்கட்டு, இடுப்பு, முதுகு

ஸ்னோபோர்டு கற்பவருக்கு ஹெல்மெட்டுக்கு அடுத்து ரிஸ்ட் கார்டு. விழும்போது கையை ஊன்றுவது அனிச்சைச் செயல், சொல்லிக்கொடுத்து நிறுத்த முடியாது. உடம்பின் முழு எடையும் பின்னோக்கி வளைந்த மணிக்கட்டில் இறங்கும். முன்கை எலும்பு மணிக்கட்டருகே முறிவது இந்த விளையாட்டின் முத்திரைக் காயம், அதுவும் முதல் சில நாட்களில்தான் அதிகம்.

ஸ்னோபோர்டு மணிக்கட்டுக் காப்புக்கென்றே 2020-இல் ஐ.எஸ்.ஓ. 20320 என்ற தரம் வந்தது. அந்த எண் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கட்டமைப்பைப் பாருங்கள். உள்ளங்கைப் பக்கம் ஒரு தகடு, புறங்கைப் பக்கம் ஒன்று, இரண்டும் சற்றே வளைந்து கொடுக்க வேண்டும். இரும்புபோல் விறைத்த குட்டைக் கார்டு அடியைத் தாங்காது, இடம் மாற்றிவிடும். கார்டு முடியும் விளிம்பில் முன்கை முறியும். அதனால் முன்கையில் நீளமாக ஏறும் கார்டு மேல். போட்டுக்கொண்டு முஷ்டி மடக்க முடிகிறதா, பைண்டிங் வாரை இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். கையுறைக்குள் போடும் வகை என்றால் கையுறை ஓர் அளவு பெரிதாக வேண்டும், கையுறையோடு சேர்த்துத் தைத்ததும் கிடைக்கிறது. ரோலர் ஸ்கேட்டிங் கார்டு வீட்டில் கிடக்கிறதே என்றால், ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை, ஆனால் கையுறைக்குள் அடங்காது. ஸ்கீ பழகுபவர் கோலைப் பிடிக்க வேண்டும் என்பதால் அவருக்கு இது தேவையில்லை.

உள்ஷார்ட்ஸில் வால் எலும்புக்கு நேரே உள்ள மெத்தையை அழுத்திப் பாருங்கள். விரல் அடிவரை போனால் அது வெறும் பஞ்சு, பனிக்கட்டி மேல் உதவாது. தெர்மலுக்கு மேல், பேன்ட்டுக்குள் போட வேண்டும். ஆகவே வாடகை பேன்ட்டை அதோடு போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற முட்டிக் காப்பும் பேன்ட்டுக்குள் போட்டால் ஸ்னோபோர்டுக்காரருக்கு நல்லது. நாளில் ஐம்பது தடவையாவது மண்டியிட வேண்டியிருக்கும்.

முதுகுக் காப்பு ஆரம்பநிலைக்காரர் அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை. தாவல் மேடைகளிலும் பாறையும் மரமும் உள்ள இடங்களிலும் சறுக்குபவர்களுக்கு அது. சான்று மோட்டார் சைக்கிள் தரமான ஈ.என். 1621-2 தான். குறிப்பிட்ட அடியில் உள்ளே கடத்தப்படும் விசை சராசரி 18 கிலோ நியூட்டனுக்குள் என்றால் முதல் நிலை, 9-க்குள் என்றால் இரண்டாம் நிலை. பனிக்கு வாங்குபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, லேபிளில் 'டி' எழுத்துக்குப் பக்கத்தில் கழித்தல் குறி இருக்கிறதா என்பது. மைனஸ் 10 டிகிரியிலும் சோதித்தது என்று அர்த்தம். சாதா வெப்பத்தில் மெத்தென்றிருந்து குளிரில் பலகையாக விறைக்கும் ஃபோம்கள் உண்டு. அளவு உங்கள் உயரத்தைப் பொறுத்ததல்ல. கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பு வரையுள்ள நீளத்தைப் பொறுத்தது. நேரடி இடியை இது தாங்கும். முதுகெலும்பு மடங்குவதையும் முறுக்குவதையும் இதனால் தடுக்க முடியாது.

முட்டியைக் காப்பது பைண்டிங்

ஸ்கீக்காரரின் முட்டிக்கு எந்த உறையும் பெரிதாக உதவாது. விழும்போது பலகை காலை விட்டுக் கழன்றுவிட வேண்டும், அதுதான் காப்பு. பாதுகாப்புச் சாதனம் என்று யாரும் விற்காத, வாடகைக் கடையில் யாரும் திரும்பிப் பார்க்காத அந்த பைண்டிங்கில்தான் முட்டியின் தலையெழுத்து இருக்கிறது.

எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை டின் எண் என்பார்கள். ஐ.எஸ்.ஓ. 11088 அட்டவணையில் உங்கள் எடை, உயரம், வயது, பூட்டின் அடிப்பாக நீளம், சறுக்கும் விதம் ஆகிய ஐந்தையும் வைத்து அதைக் கணக்கிட வேண்டும். பூட் நீளம் குதிகால் பக்கத்தில் மி.மீ.யில் பொறித்திருக்கும். கடைக்காரர் இவற்றைக் கேட்காமல் ஸ்கீயை நீட்டினால், நீங்களே சொல்லுங்கள். எடையில் கூச்சம் வேண்டாம். ஐந்து கிலோ குறைத்துச் சொன்னால் பாதி வழியில் ஸ்கீ கழன்று ஓடும். 'ஏற்கெனவே நல்லா சறுக்குவேன்' என்று பெருமைக்குச் சொன்னால் எண் ஏறும், கழல வேண்டிய நேரத்தில் கழலாது, முட்டியின் உள் தசைநார் அறும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு எண் குறையும், அதனால் வயதையும் மறைக்காதீர்கள்.

எண்களைத் திருகு ஜன்னலில் நீங்களும் பாருங்கள். முன்பக்கம், குதிகால் பக்கம், இடது, வலது என நான்கு இடம். வலது இடது வேறுபட்டால் திருப்பிக் கொடுங்கள். பூட்டைப் பொருத்தும் முன் அடியில் ஒட்டிய பனியைக் கோலால் சுரண்டிவிடுங்கள். உறைந்த பனிக்கட்டி நடுவே இருந்தால் பைண்டிங் மூடியதுபோல் தெரியும், ஆனால் கழலும் விசை தாறுமாறாகிவிடும்.

பைண்டிங்கும் எல்லாவற்றையும் காக்காது. நின்றபடியே பின்னால் உட்காருவதுபோல் விழும் மெதுவான விழுகையில் அது கழலாமலே முட்டி திருகிக்கொள்ளும். பின்னால் சாய்கிறோம் என்று தெரிந்தால் எழப் போராடாதீர்கள், கையைப் பின்னால் ஊன்றாதீர்கள், சறுக்கி நிற்கும்வரை முட்டியை மடக்கியே வைத்திருங்கள். ஸ்னோபோர்டு பைண்டிங் கழலவே கழலாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

பூட் அளவு காலடி நீளத்தின் செ.மீ.தான். 26.5 என்றால் 26.5 செ.மீ. உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, பெருவிரல் முன்சுவரைத் தொட வைத்தால் குதிகாலுக்குப் பின்னால் 15 முதல் 20 மி.மீ. இடம் இருக்க வேண்டும், அதாவது ஒன்றரை விரல். பிறகு உள்ளுறையோடு போட்டு, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் தள்ளி, பக்கிளை மாட்டுங்கள். நேராக நின்றால் விரல் முன்னால் உரச வேண்டும், முட்டியை மடக்கி முன்னால் சாய்ந்தால் உரசல் விலக வேண்டும். செருப்புபோல் சுகமாக இருந்தால் அது பெரிது. பூட்டின் விறைப்பைக் காட்டும் எண் ஆண்களுக்கு 70 முதல் 90, பெண்களுக்கு 60 முதல் 80 போதும்.

குளிருமே என்று இரண்டு சாக்ஸ் போடுவது நம் ஊர்க்காரர்கள் தவறாமல் செய்வது. மடிப்பு விழும், ரத்த ஓட்டம் தடைபடும், கால் இன்னும் சில்லிடும். முழங்கால்வரை ஏறும் மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒன்றே ஒன்று. தெர்மல் பேன்ட்டின் கால்பகுதியைப் பூட்டுக்குள் செருகாதீர்கள். அந்தத் தையல் கணுக்காலின் முன்னெலும்பில் அழுந்தி மதியத்துக்குள் நடக்கவிடாது. பேன்ட்டைப் பூட்டுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். பூட்டுக்குள் உங்கள் தோலும் சாக்ஸும் மட்டும்.

கோலின் நீளத்துக்கு, அதைத் தலைகீழாக்கி வட்டுக்குக் கீழே பிடியுங்கள். முழங்கை செங்கோணத்தில் இருந்தால் சரி. மரங்களுக்கு நடுவே போகும்போது மணிக்கட்டு வாரைக் கழற்றிவிடுங்கள், கோல் கிளையில் மாட்டினால் கையோடு இழுபடும்.

கையுறை, உடுப்பு, உதிரிகள்

கையுறையில் விரல்கள் தனித்தனியாக இருப்பதைவிட நான்கும் ஒரே அறையில் இருக்கும் மிட்டன் வெப்பம் காக்கும். விரல் எளிதில் மரத்துப்போகிறவர்கள் அதையே வாங்குங்கள். கம்பளிக் கையுறை ஒரு மணி நேரத்தில் ஈரப் பஞ்சாகிவிடும். உள்ளே ஒரு மெல்லிய உறை, மணிக்கட்டில் மாட்டும் கயிறு இரண்டும் இருக்கட்டும். சரிவின் மேலே ஏற்றும் நாற்காலி லிஃப்டில் உட்கார்ந்து போன் எடுக்கும்போது ஒற்றைக் கையுறை கீழே விழுந்தால் அன்றைய நாள் முடிந்தது.

உடுப்பில் ஒரே விதி: தோலைத் தொடும் எதுவும் பருத்தியாக இருக்கக் கூடாது, பனியனும் ஜட்டியும் உட்பட. வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு லிஃப்டில் ஐஸாகும். பாலியஸ்டர் அல்லது மெரினோ தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் நீர்புகா ஜாக்கெட். இவை டெகாத்லான் போன்ற கடைகளிலேயே கிடைக்கும். நீர்த்தடுப்பு எண் 10,000 மி.மீ. குறைந்தபட்சம். பனியில் உட்கார்ந்து எழும் ஸ்னோபோர்டுக்காரர் பேன்ட்டுக்கு அதற்கு மேலேயே பாருங்கள். மஃப்ளர், துப்பட்டா, தொங்கும் எதுவும் லிஃப்டில் மாட்டும். கழுத்துக்குக் குழல்போன்ற துணி போதும்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 50, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கறுத்த தோலும் வெந்துபோகும். பனி கீழிருந்து திருப்பி அடிப்பதால் நாசித் துவாரத்தின் அடிப்பக்கம், தாடைக்குக் கீழ், காதுமடல் ஆகியவற்றில் மறக்காமல் தடவுங்கள். உதட்டுக்குத் தனி பாம். தேங்காயெண்ணெயை நம்பிப் போகாதீர்கள், அங்கே பாட்டிலில் கல்லாகிக் கிடக்கும். போன் பேட்டரியும் குளிரில் சட்டென்று படுத்துவிடும், உள்பாக்கெட்டில் வையுங்கள்.

அஃபர்வாட்டுக்குப் போவதென்றால்

இரண்டாம் கட்ட கொண்டோலாவுக்கு மேலே நிலைமை வேறு. ரோந்துப் படை கண்காணிக்கும் பகுதியைத் தாண்டினால் எல்லாம் திறந்த மலை, பனிச்சரிவு உண்மையான ஆபத்து. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாட்டில் பனிச்சரிவில் சிக்கி போலந்தைச் சேர்ந்த இரண்டு பேர் இறந்தார்கள். அங்கே போகும் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் இருக்க வேண்டும்: 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும், மூன்று ஆன்டெனா கொண்ட, புதைந்தவரைத் தேட சமிக்ஞை அனுப்பவும் பெறவும் செய்யும் டிரான்சீவர், பனிக்குள் குத்தித் தேட 240 செ.மீ.க்குக் குறையாத துழாவுகோல், உலோக மண்வெட்டி. பிளாஸ்டிக் மண்வெட்டி இறுகிய பனியில் உடையும். உங்களிடம் இருந்து நண்பரிடம் இல்லையென்றால் அவரை நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. நண்பரிடம் இருந்து அவருக்குப் பயன்படுத்தத் தெரியாவிட்டால் உங்களை அவர் கண்டுபிடிக்க மாட்டார். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடத்தில்தான் நன்றாக இருக்கும், பிறகு மளமளவென்று சரியும். வெளியிலிருந்து மீட்புக் குழு வரும்வரை அந்த நேரம் காத்திருக்காது.

டிரான்சீவரை ஜாக்கெட்டுக்குள் உடம்போடு கட்டுங்கள். தயாரிப்பாளர் சொன்ன வகை பேட்டரி, பெரும்பாலும் அல்கலைன், புதிதாக. போன், கேமரா, சூடேற்றும் கையுறை எல்லாம் அனுப்பும் நிலையில் 20 செ.மீ. தள்ளியும், தேடும் நிலையில் 50 செ.மீ. தள்ளியும் இருக்க வேண்டும், இல்லையென்றால் சமிக்ஞை குழம்பும். கிளம்பும் இடத்தில் ஒருவர் தேடும் நிலையில் வைத்து, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போக, சமிக்ஞை வருகிறதா என்று தினமும் பாருங்கள். ஜாக்கெட்டில் தைத்திருக்கும் ரெக்கோ என்ற எதிரொலிப் பட்டை இதற்கு மாற்று இல்லை. அதைத் தேடும் கருவி மீட்புப் படையிடம்தான் இருக்கும். முதல் வாரக்காரருக்கு இந்தப் பகுதியில் உள்ள எதுவும் தேவையில்லை. கொங்தூரியோடு திரும்பிவிடுங்கள்.

அறைக்குத் திரும்பியதும்

காஷ்மீர் விடுதிகளில் புகாரி என்ற விறகு அடுப்பு அறை நடுவே கனன்றுகொண்டிருக்கும். ஈரமான எல்லாவற்றையும் அதன் தலையில் அடுக்கத் தோன்றும். கூடாது. ஹெல்மெட்டின் ஃபோம் சூட்டில் உருமாறும், காகிள்ஸின் பூச்சு உரியும், தோல் கையுறை சுருங்கி வெடிக்கும், பூட்டின் பிளாஸ்டிக் கோணும். எல்லாவற்றையும் அடுப்பிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி, கயிற்றில் தொங்கவிடுங்கள். பூட்டின் உள்ளுறையை மட்டும் கழற்றித் தனியாக, செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வையுங்கள், படுக்கும் முன் ஒருமுறை தாளை மாற்றுங்கள். காலையில் உள்ளுறையை மீண்டும் பூட்டுக்குள் போட்டவுடன் எல்லா பக்கிளையும் தளர்வாக மாட்டி வைக்க மறந்தால், அறைக்கு வெளியே வைத்த அரை மணியில் ஓடு விறைத்துவிடும், பிறகு அதற்குள் காலை நுழைக்க இரண்டு பேர் வேண்டும்.